காட்சியும் கடனும்

உலகம் இப்போதிருப்பதைவிட மேலானதாக இருத்தல் கூடும் என்னும் எண்ணம் மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது. கூடு கட்டும் பறவை தன் முன்னோர் கட்டிய கூட்டையே கட்டுகிறது. மனிதனோ இல்லாத ஊரை உள்ளத்தில் எழுப்பிப் பார்க்கிறான். இவ்வாற்றல் எல்லாப் பருவத்தினர்க்கும் உண்டெனினும், கல்வியில் முதிர்ந்தும் குடும்பச் சுமை தோளில் ஏறாத இளம் பட்டதாரிகளிடம் அது மிகுந்து நிற்கிறது. முதுநிலைக் கல்வி பயிலும் மாணவர் நால்வர் கூடிய இடத்தில் உலகைத் திருத்தும் பேச்சு எழாமல் இராது. அதனை வெறும் பேச்செனத் தள்ளுவோர் உளர். வருங்காலத்தின் வித்தெனப் போற்றுவோரும் உளர். நாம் ஈண்டு ஆராய விரும்புவது வேறொரு வினா. மேலான உலகம் இன்னதென ஒருவன் வாய்திறந்து கூறிவிட்டால், அக்கூற்றின் பொருட்டு அவன் எவருக்கேனும் கடன்படுகிறானா? கடன்படுகிறான் எனில், யாருக்கு?

அரபு மொழியில் ரா, ஹம்ஸா, யா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து ‘ருஃயத்’ என்னும் பார்வையும், ‘ருஃயா’ என்னும் கனவும், ‘ரஃயு’ என்னும் கருத்தும் பிறக்கின்றன. கண்ணால் காண்பதும், உறக்கத்தில் காண்பதும், அறிவால் காண்பதும் ஒரு தாய் வயிற்று மக்கள். உறவு நெருக்கமாயிருப்பதனாலேயே மயக்கமும் எளிதில் நேர்கிறது. கனவு கண்டவன் ஊரையே நேரில் பார்த்துவிட்டதாகக் கருதிக்கொள்கிறான்; கருத்துக் கொண்டவன் பிறரும் அதனைக் கொண்டுவிட்டதாக எண்ணிவிடுகிறான். 950ஆம் ஆண்டில் திமிஷ்கு நகரில் மறைந்த தத்துவ மேதை அல்-ஃபாராபி, சிறந்த நகரம் ஒன்றைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு, ‘சிறந்த நகரத்து மக்களின் கருத்துகள்’ எனப் பொருள்படப் பெயரிட்டார். மதிலையும் சந்தையையும் கொண்டு அவர் நகரத்தை அளக்கவில்லை. நகரத்தார் நெஞ்சில் குடிகொண்ட கருத்துகளைக் கொண்டே அளந்தார். நலமுள்ள உடலில் உறுப்புகள் இதயத்திற்குத் துணைநிற்பதுபோல் அந்நகரத்தார் தலைவனுக்குத் துணைநிற்பர் என்றார். அறிஞர் உண்மையைச் சான்றுகளால் அறிவர், ஏனையோர் அதன் உருவகங்களால் அறிவர் என்றும் வகுத்தார். இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. காண்பவன் ஒருவன், காட்டப்படுவோர் பலர் என்றாகிவிட்டால், காட்டப்படுவோர் திரும்பிக் கேள்வி கேட்க இடம் எங்கே?

இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அந்தலுஸில் தோன்றி 1185இல் மராகிஷ் நகரில் மறைந்த இப்னு துஃபைல் இதனையொத்த ஒரு சிக்கலைக் கதையாக்கினார். 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்து ஐரோப்பிய அறிஞரையும் கவர்ந்த ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் கதை அது. ஆளற்ற தீவில் ஒரு பெண்மானால் வளர்க்கப்பட்ட ஹய், ஆசிரியரின்றித் தன் சிந்தனையாலேயே உண்மைகளை உணர்கிறான். அடுத்த தீவிலிருந்து அப்ஸால் வருகிறான். அங்குள்ள மாந்தரின் நிலையைக் கேட்டறிந்த ஹய், அவர்பால் இரக்கங்கொண்டு, தான் கண்டதைச் சொல்லப் புறப்படுகிறான். அவன் பேசப் பேச அவர் முகம் சுளிக்கின்றது. இவர்க்கு இது ஏலாது எனத் தெளிந்த ஹய், நீங்கள் இருந்தபடியே இருங்கள் என்று கூறித் தன் தீவுக்கே மீள்கிறான். அவன் எவரையும் வற்புறுத்தவில்லை, வெறுக்கவுமில்லை. அது அவனது பெருமை. ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அவன் அம்மக்களுக்கு உரைக்கவே சென்றான்; உமது குறை யாது என வினவச் செல்லவில்லை.

இனிக் கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரிக்கரையிலுள்ள போர்ட் ஹூரானில் ஏறக்குறைய அறுபது பேர் கூடினர். பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர். ஜனநாயக சமுதாயத்திற்கான மாணவர் என்னும் அமைப்பினராகிய அவர்கள், மேலான அமெரிக்கா எது என்பதைச் சில நாட்கள் விவாதித்து ஒரு நீண்ட அறிக்கையாக வெளியிட்டனர். அதன் மூல வரைவை எழுதியவர், பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த 22 வயது டாம் ஹைடன். தம் வாழ்வைப் பாதிக்கும் முடிவுகளில் மக்கள் தாமே பங்குகொள்ள வேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர்க்கருத்து. அழகான கருத்து, இன்றும் அது பழுதுபடவில்லை.

அக்கருத்தைத் தாளில் எழுதுமுன்னரே மண்ணில் எழுதத் தொடங்கியிருந்தார் மற்றொருவர். 1935இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிறந்த ராபர்ட் மோசஸ் என்னும் கறுப்பின இளைஞர், ஹார்வர்டில் தத்துவம் பயின்று 1957இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். முனைவர் பட்ட ஆய்வின் நடுவே தாயை இழந்து, தந்தையும் நோயுற, படிப்பை நிறுத்திக் கணித ஆசிரியரானார். 1960இல் அவர் மிஸிஸிப்பி மாநிலத்திற்குச் சென்றார். அக்காலத்தில் தென் மாநிலங்களின் மாணவர் கிளர்ச்சி, கறுப்பினத்தவருக்கு உணவு மறுத்த சிற்றுண்டிச் சாலைகளில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவிப்பதாயிருந்தது. மோசஸ் அங்கே ஏம்ஸி மூர் என்னும் மூத்தவரைக் கண்டார். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பியவர் அவர். எம் மக்களுக்கு இப்போது வேண்டுவது வாக்குரிமை என்றார் மூர். ஹார்வர்டில் தத்துவம் கற்றவர் அதனைக் கேட்டுக்கொண்டார். தம் திட்டத்தை அவருக்கு விளக்குவதற்கு மாறாக, அவர் திட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு வினவுதல் என்றும் செவிமடுத்தல் என்றும் இருபொருள் உண்டு. வினவிவிட்டுச் செவிமடுக்காதவன் கேட்டவன் ஆகான். நம் முன்னோர் கல்விக்கே ‘கேள்வி’ என்று பெயர் வைத்தனர். ஹய் கல்லாத கேள்வியை மோசஸ் கற்றார் எனலாம்.

எனினும் கேட்டுச் செய்தமையால் கடன் தீர்ந்துவிடவில்லை. அக்காலத்து மிஸிஸிப்பியில், வாக்காளராகப் பதிய விரும்பும் கறுப்பினத்தவர் மாநில அரசமைப்பின் ஒரு பிரிவுக்குப் பதிவு அலுவலர் ஏற்கும் வண்ணம் விளக்கம் எழுத வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவ்வலுவலர் விருப்பம். பதியச் செல்வோர் அடிபட்டனர், வேலை இழந்தனர். 1961 செப்டம்பர் 25 அன்று, மோசஸுக்குத் துணைநின்ற ஹெர்பர்ட் லீ என்னும் உழவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒன்பது பிள்ளைகளின் தந்தை அவர். என் கணவரைக் கொன்றது நீங்களே என்று அவருடைய மனைவி மோசஸிடம் முகத்துக்கு நேரே கூறினார்.

இச்சொல்லின் முன் எந்தத் தத்துவமும் சற்று நின்றாக வேண்டும். சுட்டவன் வேறொருவன் என்பது உண்மை. மோசஸ் செய்தது நேர்மையான பணி என்பதும் உண்மை. ஆயினும் அவர் அம்மண்ணுக்கு வராதிருந்தால் அந்த உழவர் அன்று உயிரோடிருந்திருக்கக் கூடும் என்பதையும் மறுக்க இயலாது. குற்றம் வேறு, கடன் வேறு. குற்றமற்றவனும் கடன்பட்டவனாக இருக்கலாம். மேலான உலகைக் காட்டுவோன், அவ்வுலகுக்குச் செல்லும் வழியில் வீழ்வோரின் குடும்பங்களுக்குக் கடன்பட்டவன். அக்கடனை அவன் எதனால் செலுத்துவான்? மோசஸ் அங்கேயே தங்குவதனால் செலுத்த முயன்றார். அதே ஆண்டு அவரும் தாக்கப்பட்டார். தலையில் குருதி வழியப் பதிவு அலுவலகத்திற்கே நடந்தார்.

1964 கோடையில், வட மாநிலங்களிலிருந்து ஆயிரம் பேரளவில் தொண்டர்கள், பெரும்பாலும் வெள்ளையின மாணவர்கள், மிஸிஸிப்பிக்கு அழைக்கப்பட்டனர். அழைப்பதா வேண்டாவா என்பதே கடும் விவாதமாயிற்று. கறுப்பினத்தவர் கொலையுண்டால் நாடு திரும்பிப் பாராது. வெள்ளையின மாணவர்க்குத் தீங்கு நேர்ந்தால் பார்க்கும். இக்கணக்கு உண்மையானது, உண்மையாயிருந்ததே கொடுமை. ஜூன் 21 அன்று சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்னும் மூன்று இளைஞர் கொல்லப்பட்டனர். அவர்கள் காணாமற்போன செய்தி வந்தபோது, ஒஹையோ மாநிலத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஏனைய மாணவரை நோக்கி, உயிர் போகலாம், திரும்பிச் செல்ல விரும்புவோர் செல்லலாம் என்று மோசஸ் வெளிப்படையாகக் கூறினார். மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. தெரிந்து ஏற்பவனிடம் கேட்கப்படும் விலைக்கும், தெரியாதவன் தலையில் சுமத்தப்படும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண்கிறோம். 1965இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. அதற்குமுன் மிஸிஸிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 1967இல் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர்.

மோசஸ் என்னும் பெயர், மூஸா நபியின் பெயரே. மக்களை விடுதலைக்கு அழைத்துச் சென்றவரின் பெயர் தமக்கு அமைந்திருப்பதும், தோழர்கள் தம்மையே சார்ந்து நிற்பதும் அவருக்கு உறுத்தலாயின. 1965இல் அவர் அப்பெயரை விடுத்து, தம் நடுப்பெயரான பாரிஸ் என்பதாலேயே வழங்கலானார். வழிகாட்டுவோன் ஒருநாள் விலகி நிற்கவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

போர்ட் ஹூரானில் ஒன்றுகூடிய அமைப்போ 1969இல் பிளவுபட்டது. வியட்நாம் போரை நிறுத்த எல்லா வழிகளும் அடைபட்டன என்று கருதிய சிலர் வெடிமருந்தை நாடினர். அவ்வமைப்பின் செயலன்று எனினும் அக்காலத்தின் அதே வெப்பத்தில், 1970 ஆகஸ்ட் 24 விடியுமுன், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் மேடிஸன் வளாகத்தில் நான்கு இளைஞர்கள் ஒரு வண்டி நிறைய வெடிமருந்தை வெடிக்கச் செய்தனர். இராணுவத்திற்காக இயங்கிய கணித ஆய்வு மையமே அவர்கள் குறி. கட்டடத்தில் எவரும் இரார் என்பது அவர்கள் எண்ணம். அம்மையத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற இயற்பியல் ஆய்வாளர் ஒருவர் அவ்விரவில் தம் ஆய்வைச் செய்துகொண்டிருந்தார். வயது 33, மூன்று குழந்தைகளின் தந்தை. அவர் மாண்டார். போரை எதிர்த்த நோக்கம் தீயதன்று. ஆனால் அவர்கள் காட்சியில் ஒரு நாட்டின் கொடுமையும் தொலைதூர மக்களின் துயரும் தெரிந்தன. அருகே எரிந்த விளக்கின்கீழ் இருந்த ஒருவர் தெரியவில்லை. அம்மனிதர் கேட்கப்படவில்லை, எச்சரிக்கையும் உரிய காலத்தில் எட்டவில்லை, அவர் செலுத்திய விலைக்கு அவர் உடன்பட்டதுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மக்களைக் கேட்டே உலகைத் திருத்த வேண்டுமெனில், அநீதியில் பழகிப்போனோர் நீதியைக் கேட்பரா? அடிமைக்கு விடுதலையின் சுவை தெரியுமா? இதற்கு விடை மிஸிஸிப்பியிலேயே உண்டு. அம்மக்கள் நெடுங்காலம் வாய்திறவாதிருந்தனர். தொலைவில் நின்று பார்த்தோர் அதனை உடன்பாடு என்றனர். உடனிருந்து பார்த்தோர் அச்சம் என்றனர். மௌனத்தின் பொருள் அருகிருப்போர்க்கே விளங்கும். மற்றொன்று: யாரைக் கேட்பது? தலைகளை எண்ணிப் பெரும்பான்மையைக் கேட்டிருந்தால் அம்மாநிலம் மாறியே இராது. மாற்றத்தின் பாரம் எவர் கழுத்தில் விழுமோ, எவர் கழுத்தில் இப்போதுள்ள அநீதி ஏற்கெனவே கிடக்கிறதோ, அவர்களையே முதலில் கேட்க வேண்டும்.

மோசஸ் பின்னர் தான்ஸானியாவில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து, நாடு திரும்பி, ஹார்வர்டில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1982இல் கிடைத்த ஓர் உதவித்தொகையைக் கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு அல்ஜிப்ரா கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 2021இல் மறையும்வரை அதுவே அவர் பணி. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று. முறிந்த எலும்பைப் பொருத்திச் சீராக்குதல் என்பதும் அச்சொல்லின் பொருள். உலகைத் திருத்தப் புறப்பட்ட ஒருவர் கரும்பலகை முன் வந்து நின்றது வீழ்ச்சியன்று. வாக்குரிமை பெற்றவரின் பிள்ளைகளுக்கு அடுத்து எது மறுக்கப்படுகிறது என்று கேட்டவர்க்குக் கிடைத்த விடை அது.

சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில், 1968ஆம் ஆண்டு மாணவர் கொந்தளிப்புக்குப் பின்னர் மாணவர் ஐவர் தொடங்கிய கருத்தரங்கு ஒன்றில், பல நாட்டு முதுநிலை மாணவர்கள் வருங்காலம் பற்றிக் கட்டுரை எழுதிப் போட்டியிடுகின்றனர். இத்தகைய மேடைகள் பெருகுவது நன்றே. ஆனால் ஆசிரியராகிய நாம், மாணவன் தன் கனவை அழகுறச் சொல்லி முடித்ததும் கைதட்டுவதோடு நின்றுவிடலாகாது. நீ கண்ட உலகில் வாழப்போகிறவர்களுள் எவரை நீ கேட்டாய்? உன் கணிப்பு பிழைத்தால் இழப்பு யாருக்கு? அன்று நீ எங்கே இருப்பாய்? இவற்றையும் வினவுதல் வேண்டும்.

‘இல்மு’ எனில் அறிவு; ‘அமல்’ எனில் செயல். ஐன், லாம், மீம் என்று வரிசைப்படுத்தினால் அறிவு. அதே எழுத்துகளை ஐன், மீம், லாம் என்று மாற்றினால் செயல். ஓரெழுத்தும் கூடவில்லை, குறையவில்லை, இடம் மாறியது அவ்வளவே. மேலான உலகைக் காண்போனிடமும் நாம் வேண்டுவது புதிய கனவன்று, அவ்விட மாற்றமே: மேடையிலிருந்து இறங்கி, விலை செலுத்துவோர் பக்கத்தில் சென்று அமர்தல்.