எழுதிக் கொடுத்தவர் யார்?

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். ‘‘மாமா, இங்க ஒரு வீடு ஏலத்துக்கு வருது. வரி பாக்கியாம். பாதி விலைக்குக் கிடைக்கும்போல. எடுக்கலாமா?’’

பி.காம் படித்த பாவத்துக்கு, குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். அமெரிக்க வரிச் சட்டம் எந்த செமஸ்டரிலும் வந்ததில்லை. உட்கார்ந்து படித்தேன்.

உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவர் ஒருவர், எழுதி வாங்குபவர் ஒருவர். பக்கத்துக்குப் பக்கம் கொடுப்பவரின் கையெழுத்து. அது இல்லாமல் கிரயமே இல்லை, இல்லையா?

ஃப்ளோரிடாவில் கதை வேறு. நீங்கள் வீட்டு வரி கட்டாவிட்டால், வேறொருவர் வட்டிக்கு ஆசைப்பட்டு அந்த பாக்கியைக் கட்டி, ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்வார். 2 வருடம் பொறுத்துப் பார்ப்பார். அப்புறமும் நீங்கள் கட்டவில்லை என்றால், வீட்டை விற்கச் சொல்லி மனு போடலாம். கோர்ட் கிளார்க் ஏலம் விடுவார். ஜெயித்தவர் முழுப்பணத்தையும் கட்டி முடிக்கும் வரை, பாக்கியைக் கட்டி நீங்கள் வீட்டை மீட்கலாம். கட்டி முடித்துவிட்டாரா? கிளார்க்கே பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். உங்கள் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது.

‘‘எல்லாம் சட்டப்படிதானே மாமா?’’ என்றான். சட்டப்படிதான். அங்கேதான் எனக்கு உறுத்தியது.

ஆர்கன்ஸா மாநிலத்தில் லிட்டில் ராக் என்று ஒரு ஊர். ஒருவர் 1967-ல் அங்கே வீடு வாங்கி, 30 வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினார். வீட்டு வரியைக் கடன் கொடுத்த நிறுவனமே கட்டி வந்தது. 1997-ல் கடன் முடிந்தது. நிறுவனம் வரி கட்டுவதை நிறுத்தியது. இவரும் கட்டவில்லை. மனைவியைப் பிரிந்து அப்போது வேறு வீட்டில் இருந்தார். அரசு பதிவுத் தபால் அனுப்பியது, திரும்பி வந்தது. இன்னொன்று அனுப்பியது, அதுவும் வந்தது. சுமார் 80,000 டாலர் மதிப்புள்ள வீடு 21,042 டாலருக்குப் போனது. கடனை அடைத்து முடித்ததால் வீட்டை இழந்த மனிதர்! தபால் திரும்பி வந்தது தெரிந்த பிறகு இன்னும் ஏதாவது முயற்சி செய்திருக்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கதவில் ஒரு நோட்டீஸாவது ஒட்டியிருக்கலாமே?

மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் ஃப்ளாட்டுக்கு வரி பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000. கவுன்ட்டி நிர்வாகம் ஃப்ளாட்டை 40,000-க்கு விற்றது. மிச்சம் 25,000? அதையும் தானே வைத்துக்கொண்டது. நம்ம ஊர் அடகுக்கடைக்காரர்கூட நகையை ஏலம் விட்டு மிச்சத்தை அமுக்கினால் தெருவே கூடிவிடும். 2023-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது தவறு என்றார்கள். டைலருக்கு அப்போது வயது 94.

ஃப்ளோரிடாவில் மிச்சம், மற்ற கடன்காரர்களுக்குப் போக, பழைய சொந்தக்காரருக்கே உண்டு. அப்போ பிரச்னை தீர்ந்ததா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 80,000 வீடு 21,000-க்குப் போனால், மிச்சமே சில்லறைதான். அந்த 59,000 யாரிடம் போனது? அரசிடம் இல்லை. ஏலம் எடுத்தவரிடம். அரசு எடுத்துக்கொண்டால் அநியாயம், நாம் எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டமா?

மருமகனை வில்லனாக்க நான் தயாரில்லை. அங்கே பள்ளிக்கூடம் நடப்பதில் இந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஏலம் கேட்க ஆளே வராவிட்டால், பூட்டிய வீடு பாழாகும், பாக்கியும் வசூலாகாது. யாராவது எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால், வேண்டுமென்றே கட்டாதவர் ஒரு ரகம், மறந்தவரும் முடியாதவரும் இன்னொரு ரகம். ஏலப் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒரு நம்பர்தான்.

‘‘அந்த வீட்டை நேரில் பார்த்தியாடா?’’ என்று கேட்டேன்.

‘‘இன்டர்நெட்ல போட்டோ பார்த்தேன் மாமா. நல்லா இருக்கு.’’

‘‘உள்ளே யார் இருக்காங்க?’’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சனிக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். ஏலம் அடுத்த புதன்கிழமை.