மீனுக்கு இமை இல்லை

வீட்டு ஹாலில் ஒரு குட்டிக் கடலை வைத்துக்கொள்ள ஆசையா உங்களுக்கு? கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பவளப்பாறை, நடுவே ஆரஞ்சு நிறத்தில் கோமாளி மீன். ‘திட்டக்குடியில் ஏதுங்க கடல்?’ என்று கேட்காதீர்கள். ஊரை ஒட்டிப் போகிற வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில்தானே விழுகிறது? அந்த வகையில் கடல் நமக்கும் சொந்தம்தான்.

சரி, தொட்டி வந்தாச்சு. எந்த விளக்கு போடுவது? கடைக்காரர் வாட் கணக்கு சொல்வார். அதற்கு முன்னால் ஒரு கேள்வி... அந்த விளக்கு யாருக்கு?

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. உயிருள்ள பிராணி. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்துச் சமைத்து, வீட்டுக்காரருக்கு 90 சதவீதம் வரை சாப்பாடு போடுவது இந்த வாடகைக்காரர்தான். ஆக, பவளத்துக்கு வெளிச்சம் அலங்காரம் இல்லை, சோறு.

அப்படியானால் நிறையவே போடலாமே? அங்கேதான் வம்பு. வெளிச்சமோ சூடோ அளவு மீறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெள்ளைவெளேர் என்று ஆகிப் பட்டினி கிடக்கும். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். தீயைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் என்பார்கள். தொட்டி விளக்கும் அதே கதைதான். குறைவாக ஆரம்பித்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

நிறம்? கடல் தண்ணீர் சிவப்பைச் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால்தான் பவளத் தொட்டிக்கான எல்.இ.டி. விளக்கில் நீலம் தூக்கல். அந்த நீலத்தில் பல பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும். வந்த விருந்தாளி ‘அடேயப்பா!’ என்பார். உடனே, ‘இன்னும் ரெண்டு மணி நேரம் எரியட்டுமே’ என்று நமக்குத் தோன்றும்.

இப்போது மீனைப் பாருங்கள். அதற்கு இமை இல்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது, எழுந்து அடுத்த ரூமுக்குப் போகவும் முடியாது. கடலில் யார் கெஞ்சினாலும் சூரியன் அஸ்தமித்துவிடும். தொட்டியில் சூரியனே நீங்கள்தான். அதற்கு ராத்திரி உண்டா இல்லையா என்பது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

பவளத்துக்குச் சோறு வேண்டும், மீனுக்கு இருட்டு வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தால் நியாயம் ஆகிவிடுமா? ஆகாது. அவரவருக்கு வேண்டியது அவரவருக்கு. மேலே நல்ல வெளிச்சம், பாறை இடுக்கில் நிழல், எட்டு அல்லது பத்து மணி நேரத்தில் அணைக்க ஒரு டைமர். நம் கண்ணுக்கு விருந்து மூன்றாவது பந்தியில்தான்.

இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில், 2001-லிருந்து நம் கடல் பவளப்பாறைகளும் இருக்கின்றன. பெயர்த்து எடுப்பதும் விற்பதும் குற்றம். அப்படி வந்த பவளத்துக்கு எந்த விளக்கும் சரியான விளக்கு இல்லை. மீன் மட்டும் போதும் என்றால், சாதாரண விளக்கே தாராளம்.

ஆமாம், ஸ்விட்ச் எட்டாதவர்கள் தொட்டிக்குள் மட்டுமா இருக்கிறார்கள்? ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் பாட்டி, நம் பதினோரு மணி டி.வி. வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறார். ‘அவருக்குத்தான் இமை இருக்கிறதே’ என்கிறீர்களா? அணைக்கச் சொல்ல வாயும் இருக்கிறது. ஆனால், ‘புள்ளைங்க பார்க்கட்டும்’ என்று சும்மா இருக்கிறார்.

இன்றைக்குப் பத்து மணிக்கே அணைத்துவிடுங்களேன்.