போக முடிந்தவனின் சம்பளம்

2024ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறைக்கு வந்த மருமகன் சப்பாத்தைக் கழற்றும்போதே கோபமாக இருந்தான். "மாமா, 180 மில்லியன் குடுத்து வாங்கினவன், கழகத்துக்கு ஒரு சதமும் வராமல் போறான். இது களவுதானே?" என்றான்.

அவன் சொன்னது கிலியன் எம்பாப்பேயைப் பற்றி. மொனாக்கோவிலிருந்து 2017இல் அவர் பரிஸ் சென்-ஜெர்மன் கழகத்துக்கு வந்தபோது பேசப்பட்ட விலை 180 மில்லியன் யூரோ. 2024 யூன் 30இல் ஒப்பந்தம் முடிந்தது. அவர் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். மாற்றுப் பணம் என்று பரிஸ் கழகத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மருமகனுக்கு வயது பதினாறு. இங்கே பிறந்தவன். எங்களில் ஒருவரின் அக்கா மகன். அறையில் இருக்கும் மூன்று பேரையும் மாமா என்றுதான் கூப்பிடுவான். லிசேயில் பொருளியலை ஒரு பாடமாக எடுத்திருந்தான், புள்ளிகள் சொல்லும்படியாக இல்லை. நாங்கள் மூவரும் உணவகக் குசினிகளில் வேலை செய்கிறவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்து, பிறகு நாட்டில் இருக்க முடியாமல் வெளிக்கிட்டதோடு நின்றுபோன பொருளியல் இந்த அறையில் இருந்தது. அதை வைத்து அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தோம். அவனுடைய கேள்வியையே முதற் பாடமாக எடுத்தோம்: ஒரு மனிதனின் விலை யாருக்குச் சேர வேண்டும்?

பொருளியல் படிப்பிக்க விளையாட்டைப்போல வசதியான பொருள் வேறில்லை. யார் எத்தனை கோல் அடித்தார், எத்தனை பேர் ரிக்கற் வாங்கினார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் பத்திரிகையில் வருகிறது. குசினியில் அப்படியில்லை. சனிக்கிழமை இரவு 120 பேர் சாப்பிட்டுப் போனால், அந்த வருமானத்தில் கோப்பை கழுவியவரின் பங்கு எவ்வளவு என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது.

கேள்வியும் நிரம்பலும் அவனுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. எல்லை உற்பத்தியில்தான் இடறினான். ஒரு தொழிலாளியைக் கூடுதலாகச் சேர்த்தால் வருமானம் எவ்வளவு கூடுகிறதோ, போட்டி நிறைந்த சந்தையில் அவருடைய கூலி அந்தத் தொகையை நோக்கிப் போகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 'போட்டி நிறைந்த சந்தையில்' என்ற சொற்களை மாணவர்கள் வேகமாக வாசித்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தாண்டினோம். தாண்டிய பிறகு மனதில் மிஞ்சுவது வேறொரு வாக்கியம்: ஒருவன் வாங்குவது அவனுடைய பெறுமதி, குறைய வாங்குகிறவன் குறைந்த பெறுமதி உள்ளவன். இந்த வாக்கியம் பொருளியல் அல்ல, ஒழுக்கத் தீர்ப்பு. இது சரியா என்பதுதான் எங்கள் விசாரணை.

இங்கிலாந்தில் 1961 தை மாதம்வரை உதைபந்தாட்டக்காரருக்கு உச்சச் சம்பளம் என்று ஒரு வரம்பு இருந்தது. கிழமைக்கு 20 பவுண். எவ்வளவு திறமைசாலி என்றாலும் அதற்கு மேல் கொடுக்க விதி இடம் கொடுக்கவில்லை. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானதும் வரம்பு நீக்கப்பட்டது. அந்த வருடமே புல்ஹாம் கழகத்தின் ஜோனி ஹெய்ன்ஸ் கிழமைக்கு 100 பவுண் வாங்கினார். மருமகனிடம் கேட்டோம்: "மார்கழியில் 20 பவுண் கால், அடுத்த வருடம் 100 பவுண் கால். இடையில் காலுக்கு என்ன நடந்தது?" அவன் சிரித்தான். காலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. விதிக்குத்தான் நடந்தது.

அமெரிக்க பேஸ்போலில் கட்டு இன்னும் இறுக்கமாக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய கழகத்துக்கே உரியவர். கழகம் விரும்பினால் அவரை இன்னொரு கழகத்துக்கு மாற்றிவிடலாம், அவரைக் கேட்கத் தேவையில்லை. சென் லூயிஸ் கழகத்துக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை 1969இல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். தன் விருப்பம் கேளாமல் வாங்கி விற்பதற்குத் தான் ஒரு சொத்தல்ல என்று அந்த மார்கழியில் பேஸ்போல் ஆணையாளருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருடைய வருடச் சம்பளம் 90,000 டொலர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் தோற்றது. அவருடைய ஆட்டமும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஆனால் 1975 மார்கழியில் வேறு இரு ஆட்டக்காரரின் பிணக்கில் நடுவர் கொடுத்த தீர்ப்பால் அந்தக் கட்டு அறுந்தது. 1975இல் ஏறத்தாழ 45,000 டொலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980இல் 1,40,000 டொலரைத் தாண்டியது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு மடங்கு.

இந்தக் கட்டைப் பற்றி சைமன் ரொட்டன்பேர்க் என்ற பொருளியலாளர் 1956இலேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆட்டக்காரரைக் கட்டி வைக்காவிட்டால் நல்லவர்கள் எல்லாரும் பணக்காரக் கழகங்களுக்குப் போய்விடுவார்கள், போட்டியே செத்துவிடும் என்பது உரிமையாளர்களின் வாதம். ரொட்டன்பேர்க் சொன்னதன் சாரம் இதுதான்: கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டக்காரர் அதிக வருமானம் ஈட்டித்தரும் இடத்துக்குத்தான் கடைசியில் போய்ச் சேருவார். கட்டு இருந்தால் அவரை விற்கும் கழகத்துக்குக் காசு. இல்லாவிட்டால் அவருக்கே காசு. அதாவது ஆள் எங்கே நிற்பார் என்பதை விதி தீர்மானிப்பதில்லை. காசு எந்தப் பைக்குள் போகும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

இதைச் சொல்லிக்கொடுத்த அன்று எங்களுக்குள்ளேயே சற்று நேரம் பேச்சு நின்றது. ஏனென்றால் இது எங்கள் கதை.

2011இல் எங்களில் ஒருவர் ஒரு உணவகத்தில் நாளுக்கு 30 யூரோவுக்கு வேலை செய்தார். பதினொரு மணித்தியாலம். கையில் வேலை செய்யும் உரிமை இல்லை. பத்ரோன் எங்கட ஆள்தான். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது, "தம்பி, உம்மட வேலைக்கு இவ்வளவுதான் பெறுமதி" என்று சொன்னார். மூன்று வருடத்தின் பின் அகதி அந்தஸ்தும் கார்ட்டும் கிடைத்தன. அவர் வேறொரு இடத்தில் சட்டப்படியான சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்துப் பழைய பத்ரோன் தொலைபேசி எடுத்தார். "அவங்கள் தாறதை நானும் தாறன், திரும்பி வாரும்." அதே கை, அதே கத்தி, அதே வெங்காயம். பெறுமதி இல்லை என்று சொன்ன அதே வாய்.

அந்த மூன்று வருடமும் எங்கள் ஆள் சமைத்த சாப்பாட்டின் விலை குறையவில்லை. வித்தியாசம் வேறு பைக்குள் போயிருந்தது, அவ்வளவுதான். வாங்குவதற்கு ஒருவரே உள்ள சந்தையில் கூலிக்கு என்ன நடக்கும் என்று யோன் ரொபின்சன் 1933இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தோம். பரிசில் உணவகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பத்திரமில்லாதவனுக்கு அறிந்த கதவு ஒன்றுதான்.

எங்களில் மூத்தவர் இடையில் ஒரு கேள்வி போட்டார். "கோடிக்கணக்கில் உழைக்கிறவங்களுக்காக நாங்கள் ஏன் அழவேணும்?" நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சட்டத்தை மாற்றியவர் கோடீஸ்வரர் அல்ல. பெல்ஜியத்தில் லியேஜ் கழகத்துக்கு ஆடிய ஜோன்-மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990 யூனில் முடிந்தது. மாதம் சராசரி 1,20,000 பெல்ஜியப் பிராங் வாங்கியவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 தருவதாகக் கழகம் சொன்னது. அவர் கையெழுத்திடவில்லை. பிரான்சின் டன்கேர்க் கழகம் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. அவர்களிடம் பணம் இருக்குமா என்ற சந்தேகத்தில் லியேஜ் கழகம் மாற்றுப் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்யவில்லை. பேச்சு முறிந்தது. ஆடவும் விடாமல் அவரை நிறுத்தி வைத்தார்கள். ஐந்து வருடம் வழக்காடி, 1995 மார்கழி 15இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியப் பிரசை இன்னொரு உறுப்பு நாட்டுக் கழகத்துக்குப் போவதைத் தடுத்து மாற்றுப் பணம் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. பொஸ்மனுக்கு அதனால் பெரிய வாழ்வு வரவில்லை. பின்னாளில் அரச உதவிப் பணத்தில் வாழ்ந்தார். எம்பாப்பே நடந்துபோன பாதையை வெட்டியவர் அவர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை மருமகனுக்கு மறைக்கவில்லை. சின்னக் கழகங்கள் பொடியன்களைப் பத்து வயதிலிருந்து பழக்கி எடுக்கின்றன. பழகியவன் சும்மா போனால் அவர்களுக்கு என்ன மிச்சம்? "நான்தானே உமக்கு வேலை பழக்கினனான்" என்ற பத்ரோனின் வசனமும் இதுதான். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பழக்கியதற்கு ஈடு கொடுப்பது வேறு, பழகியவனைக் கட்டி வைப்பது வேறு. இளம் ஆட்டக்காரரைப் பயிற்றிய கழகங்களுக்கு நட்டஈடு கொடுக்கும் முறையை ஃபிஃபா 2001இல் கொண்டுவந்தது. ஆளைச் சொத்தாக்காமலும் கணக்குத் தீர்க்கலாம்.

இன்னொரு வாதம் சமத்துவத்தைப் பற்றியது. பொஸ்மன் தீர்ப்பின் பின் பணக்காரக் கழகங்கள் மேலும் பலத்தன. போகும் சுதந்திரம் எல்லாரையும் சமமாக்கிவிடாது. இதை ஒத்துக்கொள்கிறோம். தத்துவவாதி ரொபேர்ட் நோசிக் 1974இல் ஒரு உதாரணம் சொன்னார். கூடைப்பந்தாட்டக்காரர் வில்ற் சேம்பர்லெயினைப் பார்க்கப் பத்து லட்சம் பேர் ஆளுக்கு 25 சதம் தாமாகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அவரிடம் 2,50,000 டொலர் சேர்கிறது. இதில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று கேட்டார். ஏற்றத்தாழ்வு வந்தாலும் அநீதி வரவில்லை என்பது அவர் முடிவு. அந்தக் கதையில் அடைப்புக்குறிக்குள் ஒரு எடுகோள் இருக்கிறது: ஒப்பந்தங்கள் ஒரு வருடத்துக்கே, அதன்பின் ஆட்டக்காரர் சுதந்திரமானவர். அந்த வருடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. ஒஸ்கர் ரொபேர்ட்சன் தொடுத்த வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது. இணக்கம் வந்தது 1976இல். தத்துவவாதி ஒரு அடைப்புக்குறியில் தாண்டிய இடத்தில் ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காக நின்றார்கள். எங்களைப் போன்றவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

ஏனென்றால் பொஸ்மன் தீர்ப்பு ஒன்றியப் பிரசைகளுக்கானது. பிரான்ஸ் தந்த அகதி அந்தஸ்தோடு ஜெர்மனிக்குப் போய் உறவினரைப் பார்த்து வரலாம். அங்கே போய் நினைத்தபடி வேலைக்குச் சேர முடியாது. ஆட்டக்காரருக்கும் கதை முடியவில்லை. பரிசில் பிறந்த லசானா டியாரா மொஸ்கோக் கழகமொன்றோடு ஒப்பந்தம் முறிந்தபின் புதிய கழகம் தேடி அலைந்த வழக்கில், ஃபிஃபாவின் சில விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 ஒக்ரோபர் 4இல் அதே நீதிமன்றம் சொன்னது. பொஸ்மனுக்கு ஏறத்தாழ 29 வருடத்துக்குப் பிறகு.

ஆகவே எங்கள் முடிவு சிறியது. ஒரு சம்பளம் நியாயமானதா என்று அறியத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. அவனால் எழுந்து போக முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். போக முடியாதவனின் சம்பளத்திலிருந்து அவனுடைய பெறுமதியை அறியவே முடியாது. அது மற்றவரின் பிடியை அளக்கிறது.

இதை எழுதி முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது மருமகன் கேட்டான்: "மாமா, உங்கட இடத்தில கோப்பை கழுவுற அண்ணைக்கு எவ்வளவு?"

நாற்பது யூரோ என்றோம்.

"அதை ஆர் முடிவெடுத்தது?"

சென்ற மாரியில் அந்தப் பொடியன் வந்தபோது, பத்ரோன் எங்களைத்தான் கேட்டார். குசினியில் இப்போது எங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "நாற்பது காணும், புது ஆள்தானே" என்று சொன்னவர்கள் நாங்கள். ஐம்பது, அறுபது கொடுக்கும் இடங்கள் இரண்டு எங்களுக்குத் தெரியும். பொடியனுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவான், கோப்பைகள் எங்கள் தலையில் விழும். பத்து வருடத்துக்கு முன் எங்களுக்கு நடந்ததை நாங்கள் சுரண்டல் என்று பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு நடப்பதற்கு 'அனுபவம் போதாது' என்று பெயர் வைத்திருந்தோம்.

மருமகனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை பொடியனிடம் அந்த இரண்டு இடத்தின் விலாசத்தையும் சம்பளத்தையும் சொன்னோம். பத்திரமில்லாமல் ஒரு குசினியிலிருந்து இன்னொரு குசினிக்குப் போவது பொஸ்மன் வென்ற சுதந்திரமல்ல. எங்களால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். மற்றக் கிழமையே அவன் போய்விட்டான். அடுத்த ஆள் வரும்வரை நான்கு இரவு நாங்களே கோப்பை கழுவினோம். பத்ரோன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2025 மே 31இல் பரிஸ் சென்-ஜெர்மன் கழகம் எம்பாப்பே இல்லாமலே ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. மருமகன் அன்றிரவு தெருவில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தான். எம்பாப்பே மீது அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் களவு என்ற சொல்லை இப்போது அவன் பாவிப்பதில்லை.