அரவைப்பாவில் யாருக்கு இடம்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரப் பாலைவனத்தின் நடுவே ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடுகிறது அரவைப்பா சிற்றாறு. அது பாறையை அறுத்துக்கொண்டு போகும் மலையிடுக்குக்குள் நாளொன்றுக்கு 50 பேர்தான் நுழையலாம். அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பொதுநிலத்தில் பொதுமக்களையே தடுப்பது முறையா?

முறைதான். அந்த ஆற்றில் ஏழு பூர்வீக மீனினங்கள் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஸ்பைக்டேஸ், லோச் மின்னோ என்ற இரண்டு சிறு மீன்களும் அழிவின் விளிம்பில் இருப்பதாக அமெரிக்க அரசு 2012இல் அறிவித்தது. அணைகளும் பாசனமும் கொண்டுவந்து விடப்பட்ட அயல் மீன்களும் அவற்றின் பழைய ஆறுகளில் பெரும்பாலானவற்றைப் பறித்துவிட்டன. நடந்து களிக்க மனிதருக்கு வேறு மலைகள் உண்டு. இழப்பு சமமாக இல்லாதபோது சம உரிமை பேசுவது நியாயமாகாது.

இந்த மலையிடுக்கு 1984 முதல் சட்டத்தின் காப்பில் உள்ளது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை அதை நிர்வகிக்கிறது. இரு முனைகளிலும் நேச்சர் கன்சர்வன்சி என்ற தொண்டு நிறுவனத்துக்கு நிலம் இருக்கிறது. அயல் மீன்கள் ஆற்றில் ஏறி வராதிருக்க 2001இல் கீழ்ப்பகுதியில் தடுப்புகள் கட்டப்பட்டன. மேட்டில் நிலத்தடி நீரை உறிஞ்சினால் பள்ளத்தில் ஆறு வற்றும். ஆகவே தனியொருவர் தன் எல்லைக்குள் நின்று ஆற்றைக் காக்க முடியாது; பலர் கூடித்தான் காக்க வேண்டும்.

அப்படியானால் அந்தக் கூட்டுக் காவலில் யாருக்கெல்லாம் இடம்? 1871 ஏப்ரல் 30 விடியற்காலையில், ராணுவத்தின் பாதுகாப்பை நம்பி இதே ஆற்றோரம் தங்கியிருந்த அப்பாச்சே பழங்குடி மக்கள் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொன்றவர்கள் டூசான் பகுதியிலிருந்து திரண்டு வந்தவர்கள். வழக்கு நடந்தது, எல்லோரும் விடுதலையானார்கள். மனிதர் இல்லாத இடம் என்று இன்று நாம் ரசிக்கும் அமைதியில் அந்தப் படுகொலை விட்டுச்சென்ற வெறுமையும் கலந்திருக்கிறது. தப்பியவர்களின் வழிவந்தோர் பலர் சான் கார்லோஸ் பழங்குடி ஒதுக்கிடத்தில் வாழ்கிறார்கள்.

பழைய கணக்கு தீரும்வரை மீன்கள் காத்திருக்க முடியாது என்பார்கள். உண்மை. தடுப்பை உடைக்கவோ 50ஐ உயர்த்தவோ வேண்டியதில்லை. ஆனால் கிரயப் பத்திரமும் அரசாணையும் மட்டுமே முடிவெடுக்கும் தகுதியைத் தந்துவிடுவதில்லை. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் நிலப்பகுதியைச் சேர்ந்து நிர்வகிக்க, 2022 ஜூனில் ஐந்து பழங்குடி அரசுகளோடு கூட்டாட்சி அரசு ஒப்பந்தம் செய்தது. அரவைப்பாவின் காவலில் அப்பாச்சேக்களுக்கும் அத்தகைய முடிவெடுக்கும் இடம் வேண்டும். அது சலுகை அல்ல, தீர்க்க வேண்டிய கடன்.