பந்தியில் மறுபடி உட்காரும் ஆயா

திருநாவலூரில் ஆடி சுவாதி என்றால் சுந்தரர் குருபூஜை. குருபூஜை என்றால் அன்னதானம். அதில் மாற்றுப் பேச்சு கிடையாது. உபயதாரர்கள் கூடியபோது நான் கேட்டது, அந்த வசூலில் கொஞ்சம் ஒதுக்கி, மறதிநோய் பற்றி ஊரில் ஒரு தெருக்கூத்து வைக்கலாமா என்று. கோயில் உண்டியலை நான் தொடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு நாங்களே போடும் பணம் அது. அரிசி உபயக்காரர் சொன்னார்: "சோறு போட்டா வயிறு வாழ்த்தும் வாத்தியாரே. கூத்து போட்டா எது வாழ்த்தும்?"

நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியாருக்குப் பதிலைப் பெரியபுராணத்தில்தான் தேடத் தெரியும்.

திருவதிகைக்குப் பக்கத்தில் சித்தவட மடம். இரவில் சுந்தரர் படுத்திருக்கிறார். ஒரு கிழவர் வந்து படுத்து, அவர் தலைமேல் காலை நீட்டுகிறார். கேட்டால், மூப்பினால் திசை தெரியவில்லை என்கிறார். சுந்தரர் அதை நம்பி, தலையை வேறு பக்கம் வைத்துக்கொள்கிறார். கால் மறுபடியும் வருகிறது. வந்தது சிவன் என்பது பிறகுதான் தெரிகிறது. நான் நிற்கும் இடம் அதற்கு முந்தையது. முதல் தடவை கால் பட்டதும், சண்டை பிடிக்காமல் இடம் மாறிப் படுத்தாரே, அது.

மறந்தவருக்குப் பக்தி ஏது என்றும் ஒருவர் கேட்டார். சுந்தரரே தன் அடிமை ஓலையை அறியாதவர்தானே? தன்னை அடிமை என்று சொல்லி ஆண்டவன் கிழவராக வந்து காட்டிய ஓலையின் படியைக் கிழித்தார், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில் வந்து நின்றது. பிணைப்பு ஆண்டவன் கையில் இருந்தது, அடியவன் ஞாபகத்தில் அல்ல. தான் மறந்தாலும் நாக்கு நமச்சிவாய என்னும் என்று கொடுமுடியில் பாடியவரும் அவர்தான். பிள்ளை பெயர் போன பின்பும் பழைய பாட்டு வாயில் நிற்கும் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் வினை" என்பவர்களுக்கும் சுந்தரரே பதில். கண் போனபோது அவர் முடங்கி உட்காரவில்லை. கோயில் கோயிலாகப் போய்ச் சண்டை போட்டு, காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக வாங்கிக்கொண்டார்.

போன ஆடியில் ஓர் ஆயா சாப்பிட்டு, கை கழுவி, அடுத்த பந்தியில் வந்து உட்கார்ந்தது. "இப்பத்தான சாப்ட்டு எழுந்த?" என்று பரிமாறிய பையன் இலையை இழுத்தான். "காலைலேர்ந்து பட்டினிப்பா, மருமவ சோறே போடல" என்றது. பந்தி முழுக்க அந்த மருமகளைத் திட்டியது. அவள் அங்கேதான் சாம்பார் வாளியோடு நின்றாள்.

நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம் உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது 2024-இன் லான்செட் ஆணைய அறிக்கை. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அது மூளைக்கும் காவல் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். மீதிப் பேருக்குத் தடுப்பு இல்லை; அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே கூத்து கேட்டேன். அதுவும் சித்தவட மடம். கிழவர் வேடத்தோடு கட்டியங்காரன் நோயைப் பேசட்டும். அரிசிக்காரர் பாதி இறங்கி வந்திருக்கிறார்: ஒரு பந்திக்குப் பாயசம் இல்லை, அந்தப் பணம் கூத்துக்கு. மைக் செட்டு வாடகையை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இன்னும் இழுபறி.