நோன்பும் கூத்தும்

சமயப்பற்று கலைஞனின் சுதந்திரத்தைக் குறுக்கிவிடும் என்பார் உளர். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் உடன் கொணர்ந்து, பதுளை முதலிய ஊவாத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடிவரும் காமன் கூத்தை நோக்குமிடத்து, இக்கூற்று முற்றும் பொருந்தாமை புலனாகும்.

காப்புக் கட்டி நோன்பு காப்போரே அங்கு இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைவர். பகலெல்லாம் துரைக்கும் கங்காணிக்கும் பணிந்து உழைக்கும் தொழிலாளி, தப்பொலி முழங்கும் இரவில் இரதியாக நின்று, கணவனை எரித்த சிவனிடமே நீதி கேட்கின்றான். அம்முறையீட்டுக்கு இறைவன் இரங்க, மன்மதன் மீள உயிர் பெறுகின்றான். இங்கே தெய்வத்தையே வினவும் உரிமையைக் கலைஞனுக்கு அளிப்பது அவன் நம்பிக்கையேயாம்.

நோன்பின்றி மண்டப மேடையில் ஆடும்போது வேடமும் ஆட்டமும் எஞ்சும். அவ்வுரிமை எஞ்சுவது அரிது. எனினும், இரவில் இறைவனிடம் கேட்கும் நீதியைப் பகலில் மனிதரிடமும் கேட்கும்போதே அக்கலை தன் முழுப்பயனை எய்தும்.