மதிலும் மடையும்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓர் ஊரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அங்கே கால் வைப்பதற்கு முன்பே, மனத்துக்குள் அந்த ஊரைக் கட்டி முடித்துவிடுவான். கங்கைகொண்ட சோழபுரத்தை நான் அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன். கடல் கடந்து கடாரம் வென்ற மன்னனின் தலைநகரம் அல்லவா? ஆகவே என்னுடைய சோழபுரத்தில் கொள்ளிடக் கரையோரமாக நாவாய்கள் வரிசை வரிசையாக நின்றன. பாய்மரங்களுக்கு நடுவே புலிக்கொடி பறந்தது. சுங்கச் சாவடியில் சீனத்து வணிகன் ஒருவன் பட்டுப் பொதியின் மேல் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அரியலூரிலிருந்து ஜயங்கொண்டம் வழியாக முதன்முறை அங்கே பஸ்ஸில் போனபோது இந்தக் கட்டடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வழியெங்கும் செம்மண், முந்திரித் தோப்புகள், வெயில். கடல் காற்றின் வாசனை கூட இல்லை. பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இந்த ஊருக்கு அந்தக் காலத்தில் கப்பல் வருமா, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கப்பலா? நாகப்பட்டினத்துக்குப் போகணும்னா கும்பகோணத்திலே பஸ் மாறணுங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரித்திரமும். சோழர்களின் பெரிய துறைமுகம் நாகப்பட்டினம். இராஜேந்திரன் தலைநகரை அமைத்தது கொள்ளிடத்துக்கு வடக்கே சில மைல் தள்ளி, மேட்டு நிலத்தில். கடலை ஆண்டவன் கடலைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டே ஆண்டான்.

ஆனால் கடல் இந்தப் பக்கம் வரவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மனிதன் என்ற பிராணி தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர்ச் சீமையின் பெரும் பகுதி கடலுக்கு அடியில்தான் இருந்தது. நிலத்தைக் கிளறினால் சிப்பியும் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு முழு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. கடல் வந்து போயிற்று. பிறகு சோழன் வந்து போனான். இப்போது நாம் இருக்கிறோம்.

கங்கைவரை சென்ற சோழப் படை திரும்பிவந்த பிறகு, ஏறக்குறைய 1025-ல், இந்த நகரம் எழுந்தது. கடாரத்தின் மேல் கப்பற்படை சென்றதும் அந்த ஆண்டையொட்டித்தான். அதன் பின் 1279-ல் சோழ வமிசம் அணையும் வரை, சுமார் 250 ஆண்டுகள் இதுவே தலைநகரம். இன்றைக்கு அந்த நகரத்தில் மிஞ்சியிருப்பது கோயில் ஒன்றுதான். மாளிகைமேடு என்ற இடத்தில் தொல்லியல் துறையினர் தோண்டி, அரண்மனையின் செங்கல் அடித்தளங்களையும் கூரை ஓடுகளையும் சீனத்துப் பீங்கான் துண்டுகளையும் எடுத்திருக்கிறார்கள். என் மனத்திலிருந்த சீன வணிகன் முழுப் பொய் அல்ல என்று அதைக் கேட்டு எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

கோயிலைப் பற்றி என்ன சொல்வது? விமானம் 180 அடி உயரம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைவிடச் சற்றுக் குறைவு. தகப்பனைவிடக் குறைவாகவே கட்டினான் மகன் என்று சொல்லி அதில் ஒரு மரியாதையைக் காண்பவர்கள் உண்டு. தஞ்சை விமானம் நிமிர்ந்து நேராக ஏறுகிறது. இது இடுப்பை மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. வடக்கு வாசற்படிக்கு அருகே சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. அந்தக் குனிந்த தலையில் எவ்வளவு அடக்கம்! கல்லில் பக்தியைச் செதுக்கலாம் என்பதை நான் அங்கேதான் ஒப்புக்கொண்டேன். அருகிலேயே ஞான சரஸ்வதி. வெளியே மாபெரும் நந்தி. சிங்க முகத்துக்குள் நுழைந்து இறங்குகிற கிணறு ஒன்றும் உண்டு. கங்கை நீரை அதில்தான் ஊற்றினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இந்தக் கோயிலையும் சேர்த்தார்கள். பார்க்க வேண்டிய இடம். பார்க்காதவர்கள் ஒரு முறை கட்டாயம் போய்வர வேண்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இருப்பதைப் பற்றி அல்ல, இல்லாததைப் பற்றி. இவ்வளவு பெரிய கோயிலுக்கு அதற்குத் தகுந்த மதில் எங்கே? சில இடங்களில் எச்சம் தெரிகிறது. மீதி என்ன ஆயிற்று?

பகைவன் இடித்தான், காலம் தின்றது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் இங்கே செல்லாது. 1836-ல் கம்பெனி சர்க்கார் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியது. அணைக்குக் கல் வேண்டியிருந்தது. சில மைல் தூரத்தில், வெட்டி, சதுரித்து, அடுக்கி வைத்த கருங்கல் ஏராளமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்தார்கள். கோயிலின் சிற்பக் கற்களிலும் பலவற்றைக் கொண்டுபோனார்கள். 1855-ல் வெளியான ஒரு குறிப்பு இதைச் சொல்கிறது. சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஊர் ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்களாம். பலன் இல்லை, அவமதிப்பு என்று சொல்லித் தண்டனைதான் கிடைத்ததாம். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அதையும் நிறைவேற்றவில்லை என்கிறது அந்தக் குறிப்பு.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்தச் சூட்டோடு அணைக்கரைக்குப் போனேன்.

கொள்ளிடத்தில் அன்று நல்ல நீர். மதகுகளில் புகுந்து நுரைத்துக்கொண்டு போயிற்று. பாலத்தின் ஓரத்தில் மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்த ஒரு விவசாயியிடம் என் கோபத்தைக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கோயில் கல்லுதாங்க. எங்க தாத்தா காலத்திலேயே சொல்லுவாங்க. ஆனா ஐயா, இந்தக் கல்லு இங்கே இல்லேன்னா எங்க ஊர்லே சோறு இல்லீங்களே!" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. மேலே முக்கொம்பில் ஓர் அணை கட்டி, காவிரியின் நீர் வீணே கொள்ளிடத்தில் இறங்கிவிடாமல் தஞ்சைக்குத் திருப்பினார்கள். அப்படித் திருப்பியதும் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி வயல்கள் என்ன ஆவது? அந்த வயல்களுக்காகவே இந்தக் கீழணை. இங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. கல்கியின் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று குதிரைமேல் வந்தானே, அதே ஏரி. 2004 முதல் அந்த ஏரியின் நீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னையில் உட்கார்ந்து, சோழன் மதிலை இடித்தார்களே என்று நான் பொங்கியபோது குடித்த தண்ணீர், அந்த மதில் தடுத்துக் கொடுத்த தண்ணீராகவும் இருந்திருக்கலாம்!

கட்டியவர் ஆர்தர் காட்டனும் சாதாரண மனிதர் அல்ல. மணலில் கல்லைப் போட்டு அஸ்திவாரம் எழுப்பும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டவர். கோதாவரிக் கரையில் இன்றும் அவரைக் கும்பிடுகிறார்கள். இந்தக் கற்களைப் பெயர்க்கச் சொன்னது இன்னார் என்று விரல் நீட்ட நான் வரவில்லை. நியாயம் எது என்பதுதான் என் கேள்வி.

இரண்டு கட்சி உண்டு. சாமி கல்லைத் தொட்டது பாவம் என்பது ஒன்று. பசித்தவனுக்குச் சோறு போட்ட கல்லைவிடப் புண்ணியக் கல் ஏது என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார்: இராஜேந்திர சோழரே. கங்கை வெற்றிக்கு நினைவாக அவர் கல்தூண் நடவில்லை. சோழகங்கம் என்ற ஏரியை வெட்டி, அதையே நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சொல்ல வைத்தார். தண்ணீரையே தன் புகழுக்குத் தூணாக நட்டவர், தம் மதிலில் பாதியைத் தண்ணீருக்காகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பாரா?

அதே இராஜேந்திரர் வேறொன்றுக்கும் சாட்சி. தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரைச் சுமக்க வைத்ததாகவும் அந்தச் செப்பேடு பெருமையோடு சொல்கிறது. வென்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. செங்கமேட்டில் கலிங்கத்துச் சிலைகளைப் பார்க்கலாம். கலிங்கத்தில் அந்தச் சிலைகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்களை யாராவது கேட்டார்களா? அவர்களும் குறுக்கே நின்று தடுத்திருக்க மாட்டார்களா? சோழன் எடுத்தால் வீரம், வெள்ளைக்காரன் எடுத்தால் கொள்ளை என்று நான் எழுதினால், அது நாவலுக்குச் சரிப்படலாம், நியாயத்துக்குச் சரிப்படாது.

அப்படியானால் கணக்குத் தீர்ந்துவிட்டதா? எடுத்தவனிடமிருந்து இன்னொருவன் எடுத்தான், ஊருக்கு நல்லதாகவே முடிந்தது என்று எழுந்து போய்விடலாமா?

எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று எனக்கே புரிய வெகு நாளாயிற்று. புரிந்தபோது அது இராஜேந்திரர் மூலமாகப் புரியவில்லை. என் தாயார் மூலமாகப் புரிந்தது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது சம்பளம் கட்டப் பணம் குறைந்தது. அம்மா சமையலறை மூலையிலிருந்த வெண்கல அண்டாவைத் துலக்கி எடுத்துக் கொடுத்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. விற்றுவிட்டு வந்து, "முதல் சம்பளத்திலே இதைவிடப் பெரிசா வாங்கித் தரேன் அம்மா" என்றேன். அவள் சிரித்தாள். வேலை கிடைத்தது. கடிகாரம் வாங்கினேன், சைக்கிள் வாங்கினேன், புத்தகங்கள் வாங்கினேன். அண்டா வாங்கவில்லை. அதன் விலை பெரிதில்லை, மறந்துவிட்டேன், அவ்வளவே. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகம் வந்தபோது வாங்கிக்கொள்ள அவள் இல்லை.

அண்டாவை விற்றது தவறா? இல்லை. அதனால்தான் நான் படித்தேன். இன்று இதை எழுதுகிறேன். ஆனாலும் வெண்கலப் பாத்திரக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது. நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது என்பதால் கடன் அடைந்துவிடுவதில்லை. இத்தனைக்கும் அவள் தானாக மனமுவந்து கொடுத்தாள். சோழபுரத்து ஏழைகள் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றதற்குத் தண்டனை பெற்றார்கள்.

1836-ல் அநியாயம் இழைக்கப்பட்டது கல்லுக்கு அல்ல, கல்லுக்கு வலிக்காது. இராஜேந்திரருக்கும் அல்ல, அவர் புகழுக்கு ஒரு மதில் குறைந்தால் குறைவில்லை. மதிலின் முன்னால் வந்து நின்ற, பெயர் தெரியாத அந்த ஜனங்களுக்குத்தான். அவர்களைக் கேட்டிருக்கலாம். "கீழே வயல்கள் காய்கின்றன, இந்தக் கல் வேண்டும்" என்று உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவர்களே தோள் கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். அப்படியும் மறுத்திருந்தால், தூரத்து மலையில் புதிதாகக் கல் உடைக்கக் கொஞ்சம் செலவாகியிருக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள். அதற்கு மேல், பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு செங்கல் சுவரைக்கூட எழுப்பவில்லை. கருங்கல் மதில் போனதை அணை ஈடு செய்கிறது. செங்கல் மதில் வராமற்போனதை எந்த அணையும் ஈடு செய்யாது.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். அரியலூர் இன்றும் கல் கொடுத்துக்கொண்டிருக்கிற ஊர்தான். அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித்தான் அங்கே சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. அந்தச் சிமெண்டில் எங்கெங்கோ வீடுகளும் பள்ளிக்கூடங்களும் பாலங்களும் எழும்புகின்றன. நல்ல காரியந்தான், நானும் சிமெண்ட் வீட்டில்தான் குடியிருக்கிறேன். ஆனால் எங்கே எதற்காக நிலம் கேட்டாலும், கொடுத்தவனிடம் என்ன சொல்லிக் கேட்டோம், சொன்னதைச் செய்தோமா என்ற இரண்டு கேள்விகள் பாக்கி நிற்கின்றன.

அணைக்கரையிலிருந்து திரும்பும்போது அந்த விவசாயியிடம், "உங்க ஊர்லேருந்து அந்தக் கோயிலுக்குப் போறது உண்டா?" என்று கேட்டேன்.

"ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம் நடக்குமுங்க. எங்க வயல் அரிசி ஒரு மரக்கால் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவோம்" என்றார். சற்று நின்று, "சாமி மதிலை நாம அனுபவிக்கிறோம் இல்லீங்களா?" என்றார்.

அவர் அந்த மதிலைத் தொட்டவர் அல்ல. வாக்குக் கொடுத்தவரும் அல்ல. ஆனாலும் ஆண்டுதோறும் ஒரு மரக்கால் அரிசியாக அந்தக் கடனைக் கட்டிக்கொண்டு வருகிறார். நான் ஊர் திரும்பியதும் ஒரு வெண்கல அண்டா வாங்கினேன். சமையலறை மூலையில் அது சும்மாதான் இருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை.